கட்டிலை விட்டு எழும்வரை

சபைக் குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பெயர்ப் பட்டியலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "மிஸ்டர் ஆல்டன்" என்று முதல் பெயரைப் படித்ததும் எலிஹு வாட்லி மேஜைக்கு அடியில் எண்ணத் தயாராக விரல்களை விரித்துக்கொண்டான். ஆல்டன் எழுந்திருக்காமலேயே "ஆம்" என்றார். ஒன்று. இன்னும் அறுபது பெயர். ஆங்கில எழுத்து வரிசையில்தான் கூப்பிடுவார்கள், அதில் வாட்லி அறுபதாவது. அவனுக்கும் பின்னால் யோஸ்ட் என்ற ஜெர்மன்கார விவசாயி ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் இந்தக் குடும்பப் பெயரால் வாட்லிக்கு எல்லாமே கடைசியில்தான் கிடைத்தது, ஆப்பிளானாலும் அடியானாலும். ஆனால் இன்றைக்குக் கடைசியில் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. முன்னால் இருக்கிறவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் புகையிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அடுப்பு தணலாய் எரிந்தும் கால் விரல்கள் சில்லிட்டிருந்தன. 1857, பிப்ரவரி கடைசி. ஜன்னலுக்கு வெளியே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து மிதந்து போய்க்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் பத்தே முக்கால். பகல் பன்னிரண்டு அடித்தால் கூட்டத்தொடர் முடிந்தது, பிறகு சட்டப்படி இரண்டு வருஷம் கழித்துத்தான் சபை கூடும். மசோதா ஒரே ஒரு வாக்கியம். வெள்ளைக்காரர்மேல் நடக்கும் வழக்கில் கறுப்பர் சாட்சி சொல்லக் கூடாது என்கிற பழைய சட்டப்பிரிவு இதனால் நீக்கப்படுகிறது. அவ்வளவுதான். அடிமை முறை இல்லாத மாநிலம் என்று மார்தட்டிக்கொள்கிற ஊரில் அந்தப் பிரிவு முப்பது வருஷமாகச் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. மேலவை போன வாரமே நிறைவேற்றி அனுப்பிவிட்டது. இங்கே நிறைவேற, வந்தவர் வராதவர் என்ற கணக்கெல்லாம் கிடையாது, மொத்த உறுப்பினர் அறுபத்தொரு பேரில் முப்பத்தொரு பேர் 'ஆம்' சொல்ல வேண்டும். முப்பது இருக்கிறது. வாட்லி விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டான், ஒரு வாரமாக, சாப்பிடும்போதும் சவரம் செய்யும்போதும். முப்பதுதான். முப்பத்தொன்று அவன்.

"மிஸ்டர் பிங்கம்." "இல்லை!" பிங்கம் எதிரணித் தலைவர், இல்லை என்பதைக்கூட மேஜையைத் தட்டித்தான் சொல்வார். வாட்லி மேல்மாடத்தைப் பார்க்கக் கூடாது என்று காலையில் இருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தான், பார்த்துவிட்டான். தூணுக்குப் பக்கத்தில், கடைசி மூலையில், கறுப்பர்களை உட்கார விடுகிற அந்த ஒற்றை பெஞ்சில் டோர்கஸ் இருந்தாள். பழுப்புத் தொப்பி, மடியில் கையுறை. பக்கத்தில் அவர்கள் கோயில் பாதிரியார். நாற்பது மைல் வண்டியில் குலுங்கி வந்திருக்கிறாள். நான் கூப்பிட்டா வந்தாள்? ஆமாம், நான்தான் கூப்பிட்டேன். போன இலையுதிர் காலத்தில் அவன் அலுவலகத்துக்கு வந்து, கதவோரம் நின்று, கோபமே இல்லாத குரலில் கேட்டாளே, "ஐயா, அன்னைக்குக் கோர்ட்டுல எழுந்து நின்னு நீங்க சொன்னீங்களே, அந்தச் சட்டம் இன்னும் இருக்குதுங்களா?" என்று. அதைவிட அவள் அவன் முகத்தில் துப்பியிருக்கலாம். அந்தச் சட்டத்தைச் சொன்னதால்தானே அவன் ஆளானான். மண் தரைக் குடிசையில் பிறந்து, கடன் வாங்கிய புத்தகத்தில் படித்து, வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே வக்கீலாகி, ஒரு வழக்கும் தேடி வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த இருபத்தேழு வயதுப் பையனுக்கு மாவு மில்காரரின் மகன்மேல் போட்ட கொலைக் கேஸ், அவனுக்காக வாதாட, கிடைத்தது. செத்தவன் ஏமஸ், மில்லில் குதிரை பார்க்கிறவன், கறுப்பன். பார்த்த ஒரே சாட்சி அவன் பெண்டாட்டி டோர்கஸ். கூண்டில் ஏறி வலது கையைத் தூக்கி, "நான் வேலியோரமா நின்னுக்கிட்டிருந்தேன். அப்ப அவரு கையில—" என்றாள். அந்த இடத்தில் வாட்லி எழுந்தான். "ஆட்சேபம்." ஒரே வார்த்தை. அப்புறம் அந்தச் சட்டப்பிரிவின் எண். நீதிபதி புத்தகத்தைப் புரட்டக்கூட இல்லை. "உட்காரு" என்று அவளிடம் சொன்னார். அவள் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், பிறகு உட்கார்ந்தாள். மில்காரர் மகன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து வாட்லிக்கு ஏறுமுகம். கெட்டிக்காரன், சட்டத்தை விரல் நுனியில் வைத்திருக்கிறான் என்று பத்திரிகை எழுதியது. மூன்று தேர்தல், மூன்றிலும் வெற்றி. அடுத்த வருஷம் வாஷிங்டனுக்கு அனுப்பலாம் என்று கட்சிக்காரர்கள் காதைக் கடிக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் அவள் சொல்ல வந்த அந்த 'அவரு கையில' என்ன? யார் கையில், மில்காரர் மகன் கையிலா, ஏமஸ் கையிலா? பதினொரு வருஷமாக வாட்லிக்குத் தெரியாது. அவளைக் கேட்டிருக்கலாம். அலுவலகத்துக்கு வந்தபோதாவது கேட்டிருக்கலாம். கேட்கிற தைரியம் இல்லாமல், "இந்தத் தடவை எடுத்துடுவோம்மா, நீயே வந்து பாரு" என்று வாக்குக் கொடுத்து அனுப்பினான்.

வாக்கு என்ன வாக்கு, கேட்டவர்களுக்கெல்லாம் வாக்குதான். "மிஸ்டர் கார்வர்." "இல்லை." "மிஸ்டர் டெமிங்." "ஆம்." ஆறு. டேகர்ட்டுக்கும் ஒன்று கொடுத்தாயே, அதை எங்கே கொண்டு போய் வைப்பாய்? பதினொரு நாளைக்கு முன்னால் சைலஸ் டேகர்ட் சபையில் பேசிக்கொண்டிருந்தபோதே இருமி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். நுரையீரல் காய்ச்சல். அவர் எதிரணி, எழுபது வயது, இந்த மசோதாவுக்கு முழு விரோதி, ஆனால் சபையில் அவர் நுழைந்தால் சிறுசுகள் எழுந்து நிற்கும். மறுநாள் வாட்லியை விடுதிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனான். கொதிக்கிற கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வாட்லி, என்னோட ஜோடி சேந்துக்கோப்பா" என்றார். ஜோடி என்றால் இந்தச் சபையில் வேறு அர்த்தம். எதிரும் புதிருமான இரண்டு பேரில் ஒருவர் வர முடியாமல் படுத்துவிட்டால், வர முடிந்தவரும் ஓட்டுப் போடாமல் இருந்துவிடுவது. உன் ஓட்டும் இல்லை, என் ஓட்டும் இல்லை, சரிக்குச் சரி. சபை விதிகளில் இது எங்கும் கிடையாது. வெறும் வாய்ச்சொல், ஒரு சின்ன நோட்டில் கையெழுத்து. ஆனால் மீறினவன் தொலைந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் மீறினான். அதற்கப்புறம் அவன் மேஜையில் ஒருத்தரும் சாப்பிட உட்காரவில்லை, கூட்டத்தொடர் முடியுமுன் குடும்பத்தோடு மேற்கே போய்விட்டான். "எதுவரைக்கும் ஐயா?" என்று வாட்லி கேட்டான். "இந்தக் கட்டிலை விட்டு நான் எழுந்திருக்கற வரைக்கும்." சரி என்றான். உடனே சரி என்றான். இத்தனை பேர் இருக்க டேகர்ட் என்னைக் கூப்பிட்டாரே என்று பூரித்துப்போய், படியிறங்கும்போது விசிலடித்தான், மடையன். மூன்று நாள் கழித்து, பூட்ஸுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது, பொட்டில் அறைந்த மாதிரி புரிந்தது. வந்தவர்களில் பாதிக்கு மேல் போதும் என்றால் ஜோடி சரிக்குச் சரி. முப்பத்தொன்று கட்டாயம் வேண்டும் என்கிற மசோதாவில்? வராதவன் எவனும் 'இல்லை' சொன்னவன்தான்! டேகர்ட் கட்டிலில் படுத்துக்கொண்டே 'இல்லை' சொல்லியாகிவிட்டது, தன் வாயைக் கட்டிக்கொண்ட வாட்லியும் 'இல்லை' சொன்னவனாகிவிட்டான். அவருக்கு நஷ்டமே இல்லை. சட்டத்தை விரல் நுனியில் வைத்திருக்கிறவனாம்! அவர் இதைத் தெரிந்தே செய்தாரா? சபை விதிப் புத்தகத்தை எழுதிய மூன்று பேரில் அவர் ஒருவர். தெரியாமல் இருக்குமா? அப்படிக் கொதிக்கிற காய்ச்சலில் தெரிந்திருக்குமா? மணிக்கட்டைப் பிடித்த அந்தக் கை நடுங்கியதே, அது காய்ச்சலா, கள்ளத்தனமா? எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் யோசனை முட்டிக்கொண்டு நின்றது, திரும்ப மணிக்கட்டில் இருந்து ஆரம்பித்தது.

"மிஸ்டர் கிரீலி." "ஆம்." "மிஸ்டர் ஹஃப்." "இல்லை." "மிஸ்டர் ஜெசப்." குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொள்கிறார், தண்ணீர் குடிக்கிறார், அவருக்கென்ன அவசரம். யாரோ படிக்கத்தைக் குறிபார்த்துத் துப்பினார்கள். டேகர்ட்டிடமே கேட்டுவிடுவோம் என்றுதான் இன்று காலை வாட்லி விடுதிக்குப் போனான். தெரிந்து செய்தீர்களா என்று இல்லை, அவ்வளவு தூரம் நாக்கு நீளாது. என்னை விடுவியுங்கள் ஐயா, என்று கேட்க. பனியில் நடந்துகொண்டே வாக்கியத்தைத் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான். கதவைத் திறந்த விடுதிக்காரி ஹாக்கம்மாள் கையில் ஈரத்துணி இருந்தது. "அஞ்சு நிமிஷம் முன்னால வந்திருக்கக் கூடாதா?" என்றாள். "ஏழு பத்துக்குப் போயிட்டாரு. நான் கண்ணை மூடிவிட்டுட்டு இப்பத்தான் வர்றேன்." ஏழே கால் அப்போது. உள்ளே போய்ப் பார்த்தான். தாடையைத் துணியால் கட்டியிருந்தாள், பல்வலிக்காரர் மாதிரி படுத்திருந்தார். வாட்லிக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது, அந்த ஆளை அவனுக்குப் பிடிக்கும். ஆனால் அழுகைக்கு அடியில் சந்தோஷமும் சேர்ந்தே வந்தது. விட்டது ஜோடி! அதை நினைக்க இப்போதும் உடம்பு கூசியது. "ராத்திரி பூரா உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றாள் ஹாக்கம்மாள். "வாட்லிகிட்டச் சொல்லணும், வாட்லிகிட்டச் சொல்லணும்னு." "என்ன சொல்லணுமாம்?" "அதைச் சொல்லலையே." அப்புறம் அவள், "டாக்டருக்கு நான் ஆளனுப்பிக்கறேன். சபைக்கு யாரு சொல்றது?" என்றாள். "நான் சொல்லிடறேன்." அதையும் உடனே சொன்னான். வாசல் தாண்டி, தெரு முனை திரும்பினதும்தான் கால் நின்றது. சொன்னால் என்ன ஆகும்? உறுப்பினர் ஒருவர் செத்தார் என்று சபையில் சொன்ன மறு நிமிஷம் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள், அன்றைய நாளுக்குச் சபை கலையும். அது வழக்கம், அதை யாரும் மறுத்துப் பேசியதே இல்லை. இன்று கலைந்தால் மசோதா போயிற்று. சொல்லாமல் ஓட்டுப் போட்டால்? படுத்த படுக்கையாய்க் கிடக்கிற கிழவருக்குக் கொடுத்த வாக்கை மீறின பயல். சொல்லாமல், ஓட்டும் போடாமல் இருந்தால்? நல்ல பெயர் மிஞ்சும், வாஷிங்டன் மிஞ்சும், தூணோரம் அவள் கையுறையை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள். இந்த மூன்றையும் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு சபைக்கு வந்து, சந்தித்தவர்களுக்கெல்லாம் காலை வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஒருவர் டேகர்ட் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். "அமைதியா இருக்கார்" என்றான். நாக்கு எப்படித்தான் அப்படிப் புரண்டதோ.

"மிஸ்டர் மெர்ரில்." "ஆம்." பத்தொன்பது. ஜோடி அவரோடு செத்துப்போயிற்றா இல்லையா? கட்டிலை விட்டு எழுந்திருக்கும்வரை என்றார். எழுந்திருக்கவில்லையே. இனி எழுந்திருக்கப் போவதும் இல்லை. அப்படியானால் வாக்குக்கு முடிவே இல்லையா, ஆயுசுக்கும் நான் ஊமையா? சவப்பெட்டிக்குத் தூக்கும்போது கட்டிலை விட்டு எழுந்ததாகக் கணக்கா? தச்சன் எத்தனை மணிக்கு வருவான்? ச்சீ, பிணத்தை வைத்துக்கொண்டு வக்கீல் புத்தி. சொல்லணும் என்றாரே, விட்டுவிட்டேன் போ என்று சொல்லவா, விடாதே என்று சொல்லவா? டோர்கஸ் வாக்கியம் பாதியில் நிற்கிறது, இவர் வாக்கியம் பாதியில் நிற்கிறது, நடுவில் வாட்லி. "மிஸ்டர் ரம்சி." வாட்லி நிமிர்ந்தான். ரம்சி ஆடுகிற பல், நேற்று மாலை வரை பிங்கம் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு அலைந்தார். ரம்சி இல்லை என்று சொல்லிவிட்டால் முப்பதே தேறாது, பிறகு நான் என்ன செய்தாலும் ஒன்றுதான், நிம்மதியாக ஜோடி என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். சொல்லு ரம்சி, இல்லை என்று சொல்லு. மனசார வேண்டிக்கொண்டான், அந்த வேண்டுதலின் நாற்றம் அவனுக்கே தெரிந்தது. ரம்சி மேஜையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஆம்" என்றார். மேல்மாடத்தில் சலசலப்பு. சபாநாயகர் சுத்தியலால் தட்டினார். இருபத்தைந்து. சிம்ஸ், ஸ்டாக்டன், ஸ்வீனி. பெயர்கள் இப்போது வேகமாக வந்தன, அல்லது அவனுக்கு அப்படித் தோன்றியது. "மிஸ்டர் டேகர்ட்." ஒரு விநாடி. அடுப்பில் கட்டை வெடித்தது. வாட்லிக்குக் கதவு திறந்து தாடைக் கட்டோடு அவர் வருவார் என்று தோன்றியது, வந்து 'இல்லை' என்று சொல்வார் என்று. "உடம்பு சரியில்லை" என்று பிங்கம் எழுந்து சொன்னார், "வாட்லியோட ஜோடி" என்று சேர்த்துக்கொண்டார். குமாஸ்தா தலையாட்டிவிட்டுப் பேனாவைத் தொட்டு அடுத்த பெயருக்குப் போனார். இன்னும் இரண்டே பெயர். இருபத்தொன்பது ஆம், இருபத்தொன்பது இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோர்ட்டில் எழுந்திருக்க எவ்வளவு நேரம் பிடித்தது? ஒரு நொடி. யோசிக்கவே இல்லையே.

"மிஸ்டர் வாட்லி." எழுந்தான். முழங்கால் மேஜையில் இடித்து மைக்கூடு ஆடியது. "ஆம்" என்றான். குரல் கீச்சென்று வந்தது. "என்னது?" என்றார் குமாஸ்தா, உண்மையாகவே காதில் விழாமல். "ஆம்." அதற்குள் பிங்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "சபாநாயகர் அவர்களே! இவர் டேகர்ட்டோட ஜோடி! நோட்டுல கையெழுத்து இருக்கு! மூச்சுவிட முடியாமக் கிடக்கற மனுஷனுக்குக் கொடுத்த வாக்கு, இதைவிடக் கேவலம் உண்டா?" சபை இரண்டு பக்கமும் இரைந்தது, அவன் கட்சிக்காரர்களே சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுத்தியல். சபாநாயகர் அவனை நேராகப் பார்த்தார். "வாட்லி, அந்த ஜோடி இன்னும் இருக்கா, இல்லையா?" இருந்தது என்று சொன்னால் போதும். 'இருக்கிறது' அல்ல, 'இருந்தது'. ஒரு சொல் மாறினால் பெயர் பிழைக்கும், ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏன் இருந்தது என்று கேட்பார்கள், கேட்டால் சபை எழுந்து நிற்கும், எல்லாம் முடியும். இருக்கா இல்லையா என்பது அவனுக்கே தெரியாதே! "டேகர்ட் என்னை விடுவிக்கலை" என்றான் வாட்லி. அது சத்தியம். "நான் வாக்குக் கொடுத்தது நிஜம். என் ஓட்டு ஆம்." எங்கோ ஒருவர் "த்தூ" என்றார், படிக்கத்தில் துப்பவில்லை. "ஜோடிங்கறது கனவான்களுக்குள்ள இருக்கற ஏற்பாடு" என்றார் சபாநாயகர். "விதியில அதுக்கு இடமில்லை. கனவான்னா என்னன்னு அவரவர் பாத்துக்க வேண்டியதுதான். எழுதிக்குங்க." குமாஸ்தா எழுதினார். பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் வாட்லிக்குக் கேட்டது. யோஸ்ட் தன் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே "ஆம்" என்று கத்தினார். முப்பத்தொன்று ஆம், இருபத்தொன்பது இல்லை. மசோதா நிறைவேறியது என்று சபாநாயகர் படித்து, கையெழுத்துப் போட்டு, மணலைத் தூவி மையை உலர்த்திக் காகிதத்தைத் தள்ளிவைக்கிற வரை வாட்லி நின்றுகொண்டே இருந்தான். ஏன் உட்காரவில்லை என்று பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சபாநாயகர் அவர்களே" என்றான். "ரொம்ப வருத்தத்தோட சொல்றேன். சைலஸ் டேகர்ட் இன்னைக்குக் காலைல ஏழு பத்துக்கு விடுதியில காலமாயிட்டார்." எல்லாக் கண்களும் சுவர்க் கடிகாரத்துக்குப் போயின, அங்கிருந்து அவனிடம் வந்தன. பதினொன்று இருபது. பிங்கம் இந்தத் தடவை கத்தவில்லை, அவர் முகம் வெளுத்திருந்தது. "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். ஒன்பது மணி என்று சொல்லலாம். இப்போதுதான் சீட்டு வந்தது என்று சொல்லலாம், ஹாக்கம்மாள் சபைக்கு வந்து மறுக்கவா போகிறாள். "ஏழே காலுக்கு" என்றான் வாட்லி. அவ்வளவுதான், வாஷிங்டன் போயிற்று, மத்தியானச் சாப்பாட்டு மேஜை போயிற்று, ஊருக்குப் போனால் திறக்கிற கதவுகளில் பாதி போயிற்று, எல்லாம் ஒரு வார்த்தையில் போவதைக் கண்ணால் பார்த்தான். நாற்காலிகள் தரையில் உராய்ந்தன. வழக்கப்படி அத்தனை பேரும் செத்தவருக்காக எழுந்து நின்றார்கள். வாட்லிக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஆளுக்கு ஒரு அடி தள்ளி நின்றார்கள். மேல்மாடத்திலும் எழுந்தார்கள். தூணோரம் டோர்கஸும் நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தான், எதிர்பார்த்ததற்கு வெட்கப்பட்டான். அவள் பார்க்கவில்லை. பாதிரியார் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இடது கையை மாடத்துக் கம்பியின்மேல் நீளமாக வைத்து, இது வேலி என்பதுபோல ஒரு தடவை தேய்த்தாள். வலது கையைக் கொஞ்சம் தள்ளி, ஆள் நிற்கிற உயரத்துக்குத் தூக்கினாள். பிறகு அந்தக் கையை விரித்தாள், மூடினாள். கையில் என்ன? வாட்லி கழுத்தை நீட்டினான், உதட்டசைவைப் பிடிக்கப் பார்த்தான், ஒன்றும் பிடிபடவில்லை, அவ்வளவு உயரம், அவ்வளவு அமைதி, ஒரு சொல் கீழே வரவில்லை. சபாநாயகர் சபை கலைந்தது என்றார். மேலே அவள் நின்றபடி சொல்லிக்கொண்டே இருந்தாள், உட்காரு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.